வீட்டைப் பார், சாலையைப் பார், அப்புறம் மானைப் பார்: அமெரிக்காவில் முதல் வேட்டை சீசனுக்குப் போகிறவர்களுக்கு

பென்சில்வேனியாவில் காட்டோரமாக ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பவரின் அனுமதி இல்லாமல் அந்த வீட்டைச் சுற்றி 150 கஜத்துக்குள் துப்பாக்கி வேட்டை கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். 150 கஜத்தை ஆரமாக வைத்து வட்டம் போட்டுப் பரப்பளவு கணக்கிட்டால் ஏறக்குறைய 14.6 ஏக்கர் வரும். வீடு நிற்கும் மனை அரை ஏக்கர்தான் இருக்கும். ஆனால் வேட்டைக்காரருக்கு அது பூட்டி வைக்கும் நிலம் பதினான்கரை ஏக்கர். இதே மாதிரி பத்து வீடு தள்ளித் தள்ளி கட்டிவிட்டால் 146 ஏக்கர் போயிற்று. மானுக்கோ அந்த 146 ஏக்கரும் பகலில் நிம்மதியாகப் படுத்து அசைபோடத் தோதான இடம்.

இந்தக் கணக்கு எனக்குப் புரிய இரண்டு சீசன் ஆனது. முதல் வருஷம் வரைபடத்தில் எங்கே பச்சை அதிகமோ அங்கே போனேன். பெரிய காடு, பெரிய மரங்கள், ஒரு வீடு கிடையாது. மூன்று நாள் உட்கார்ந்ததில் அணில்களை நன்றாகத் தெரிந்துகொண்டேன். மானைப் பார்த்தது நான்காம் நாள், நான் குடியிருந்த தெருவின் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால். ஆகவே இந்தக் கட்டுரை துப்பாக்கி எது வாங்கலாம், அம்பு எது நல்லது என்பதைப் பற்றியது அல்ல. நிலமும் குடியிருப்பும் மானை எங்கே நிறுத்துகின்றன, நம்மை எங்கே நிறுத்துகின்றன, இரண்டும் எங்கே சந்திக்கும் என்பதைப் பற்றியது. பேசப்போவது வெண்வால் மானைப் பற்றி, அதுவும் அமெரிக்காவின் கிழக்கு, நடுமேற்குப் பகுதிகளை மனதில் வைத்து. இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே படித்ததை ஊரில் முயன்று பார்க்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு மான் என்று ஒரு வார்த்தை. 1900 வாக்கில் சந்தைக்காகச் சுட்டுத் தீர்த்ததாலும் காடழிப்பாலும் நாடு முழுக்கச் சில லட்சம் வெண்வால் மான்களே மிஞ்சியிருந்தன. இன்று சுமார் 3 கோடி என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கள்ளத்தனமாகச் சுட்ட விலங்கை மாநிலம் கடத்தி விற்பதை 1900இல் வந்த லேசி சட்டம் தடுத்தது. துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பியது 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம். நீங்கள் வாங்கும் ரைஃபிளின் விலையில் அந்த 11 சதவீத வரி இன்றும் இருக்கிறது. கூடவே ஓநாய் போனது, கைவிட்ட பண்ணைகளில் மறுபடி காடு முளைத்தது, அதன் நடுவே மனைகள் வந்தன. புல்வெளி, பழமரம், புதர், துப்பாக்கி இல்லாத வட்டங்கள். மானே நேரில் வந்து ஊரைத் திட்டமிட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக அமைத்திருக்காது.

1. முதலில் காகிதம்

சலிப்பான வேலை, ஆனால் இதை முடிக்காமல் வேறெதுவும் இல்லை. வேட்டைக்காரர் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்குங்கள். ஒரு மாநிலத்தில் வாங்கினால் மற்ற மாநிலங்களிலும் செல்லும். பிறகு மாநில லைசென்ஸ். அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்தவருக்குப் பல மடங்கு. ஆகவே முதல் வருஷம் உங்கள் மாநிலத்துக்குள்ளேயே இருங்கள்.

நம்மவர்களில் பலர் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது நாடு தழுவிய மத்தியச் சட்டம். அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, நடப்பில் உள்ள வேட்டை லைசென்ஸ். நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிக் கையில் வைத்திருந்தாலும் வைத்திருந்தது வைத்திருந்ததுதான். லைசென்ஸ் காலாவதியான மறுநாள் அந்த விலக்கும் போய்விடும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலும் நிபந்தனை போடலாம். விசா சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வில்லுக்கு இந்த மத்தியத் தடை கிடையாது. குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் வேட்டையாட வில்தான் வசதி என்பதைப் பின்னால் பார்ப்போம், அதனால் பலருக்கு இரண்டு பிரச்சினையும் ஒரே கருவியில் தீர்ந்துவிடும்.

என்ன ஆயுதம் என்பதையும் பல இடங்களில் குடியிருப்பே தீர்மானிக்கிறது. ரைஃபிள் தோட்டா இரண்டு மூன்று மைல் வரைகூடப் போகக்கூடியது. அதனால் நியூ ஜெர்சியில் மானுக்கு ரைஃபிளே கிடையாது. ஷாட்கன், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, வில் போன்றவைதான். ஒஹாயோவில் ரைஃபிள் உண்டு, ஆனால் நேர்ச்சுவர்த் தோட்டா (கழுத்துப் பகுதி குறுகாத உறை கொண்டது) வகைக்கு மட்டும். பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க்கைச் சுற்றிய 2பி, ஃபிலடெல்பியாவைச் சுற்றிய 5சி, 5டி ஆகிய பிரிவுகளுக்குச் சீசனே நீளம். வீடு நெருக்கமான இடத்தில் மான் குறைய மாட்டேன் என்கிறது என்பதை மாநிலமே ஒத்துக்கொள்கிற மாதிரி.

2. வரைபடத்தில் மனிதரைக் குறியுங்கள்

எல்லோரும் மான் தடத்தைத் தேடித்தான் தொடங்குவார்கள். நீங்கள் ஆளைத் தேடித் தொடங்குங்கள். கவுன்டியின் நில எல்லை வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். யார் நிலம், எத்தனை ஏக்கர், எல்லை எங்கே என்று பார்க்கலாம். வேட்டைக்கென்று இருக்கும் கைபேசிச் செயலிகளும் இதே தகவலைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் காட்டும்.

நீங்கள் போக நினைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மைலுக்கு உள்ள எல்லா வீடுகளையும் குறியுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி உங்கள் மாநிலத்தின் பாதுகாப்பு வட்டத்தைப் போடுங்கள். பென்சில்வேனியாவில் துப்பாக்கிக்கு 150 கஜம், வில்லுக்கு 50 கஜம். நியூயார்க்கில் துப்பாக்கிக்கு 500 அடி, குறுக்குவில்லுக்கு 250 அடி, சாதாரண வில்லுக்கு 150 அடி. நியூ ஜெர்சியில் துப்பாக்கிக்கு 450 அடி, வில்லுக்கு 150 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பென்சில்வேனியாவில் ஒரு வீடு துப்பாக்கிக்காரருக்கு 14.6 ஏக்கரை அடைக்கிறது, வில்காரருக்கு 1.6 ஏக்கரைத்தான் அடைக்கிறது. ஒன்பதில் ஒரு பங்கு. வீடுகள் நெருங்க நெருங்க ஏன் துப்பாக்கி விலகி வில் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்து சாலை, வண்டி நிறுத்துமிடம், நடைபாதை. பென்சில்வேனியாவின் அரசுக் காடுகளில் விமானத்திலிருந்து வேட்டைக்காரர்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் சாலையை ஒட்டியே இருந்தார்கள், செங்குத்துச் சரிவுகளைத் தவிர்த்தார்கள். மனித இயல்புதானே. ஆகவே பொது நிலத்தில் சாலையிலிருந்து அரை மைல் தள்ளி, ஒரு ஏற்றத்தையும் ஓர் ஓடையையும் தாண்டி இருக்கும் இடம் எதுவோ அதைக் குறித்துவையுங்கள்.

ஆனால் 'எவ்வளவு தூரம் நடக்கிறாயோ அவ்வளவு மான்' என்று சொல்பவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. குடல் எடுத்த பிறகும் வளர்ந்த ஆண் மான் 60 கிலோ இருக்கலாம். அதை இருட்டில் இரண்டு மைல் இழுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். எல்லோரும் நடந்து தாண்டிப்போகும் இடங்களையும் தேடுங்கள்: நிறுத்துமிடத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முக்கோணப் புதர்க்காடு, பண்ணை வாசலுக்கு எதிரே உள்ள சதுப்பு, கல்லறைத் தோட்டத்தின் பின்புறம். வேட்டை தொடங்கிய முதல் வாரத்தில் காட்டுக்குள்ளிருந்து விரட்டப்பட்ட மான் ஒதுங்குவது இப்படிப்பட்ட யாரும் மதிக்காத மூலைகளில்தான்.

மானுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டி நடத்திய ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. வேட்டை நெருக்கடி வந்ததும் மான் ஊரைவிட்டு ஓடிவிடுவதில்லை. தன் வழக்கமான வட்டத்துக்குள்ளேயே அடர்ந்த மறைவுக்குள் போய், பகல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த வட்டம் சாதாரணமாக ஒரு சதுர மைல் என்று சொல்லலாம். புறநகரில் பெண் மான்களுக்கு அதைவிட நிறையச் சிறியது, சிலவற்றுக்கு இரண்டு மூன்று தெருவே உலகம்.

வரைபடம் முடிந்ததும் உங்கள் நிலம் எந்த வகை என்று தெரியும். வீடில்லாப் பெருங்காட்டில் சுதந்திரம் அதிகம், மான் குறைவு. பண்ணையும் சிறு காடும் கலந்த இடத்தில் இரண்டும் கணிசமாக உண்டு. இரண்டு முதல் பத்து ஏக்கர் மனைகளாகத் துண்டான ஊரோரத்தில் மான் ஏராளம், உள்ளே போக வழிதான் இல்லை. நெருக்கமான புறநகரில் வில்லும் அனுமதிக் கடிதமும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மான் எத்தனை இருக்கிறது என்பது கணக்கில் ஒரு பாதி மட்டுமே. உங்களால் அங்கே சட்டப்படி நிற்க முடியுமா, பாதுகாப்பாகச் சுட முடியுமா என்பது மறுபாதி. புதியவருக்கு நான் சொல்வது பண்ணை கலந்த நிலம். பெருங்காட்டை இரண்டாம் மூன்றாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. பிறகு நிலத்தை வாசியுங்கள்

மான் அசைபோடும் விலங்கு. மேயும், ஒதுங்கிப் படுக்கும், அசைபோடும், மறுபடி எழுந்து மேயும். மேய வெளிச்சம் விழும் இடம் வேண்டும், படுக்க அடர்ந்த இடம் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதற்குச் சுகம். அதனால்தான் விளிம்புகள் முக்கியம். காடு முடிந்து வயல் தொடங்கும் கோடு, பழைய மரமும் இளங்காடும் சந்திக்கும் கோடு, ஊசியிலைக் காடு இலையுதிர்காடாக மாறும் கோடு. விலங்குகளின் எண்ணிக்கையை இப்படி விளிம்போடு இணைத்து 1933இலேயே எழுதியவர் விஸ்கான்சினில் பணிபுரிந்த ஆல்டோ லியோபோல்ட். எனது முதல் வருஷத்துப் பெருங்காட்டின் தவறு இதுதான்: மேலே கூரை மாதிரி மூடிய மரம், கீழே மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில் ஒன்றுமே இல்லை. அதே காட்டில் சில வருஷம் முன்பு மரம் வெட்டிய துண்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் கதை வேறு.

மரம் வெட்டிய இடங்களின் வரைபடம் அரசுக் காட்டு அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். கேட்பவர்கள் குறைவு.

அடுத்தது மேடு பள்ளம். 1:24,000 அளவிலான நிலத்தோற்ற வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் இருக்கும். நெருங்கிய கோடு செங்குத்து, விலகிய கோடு சமதரை. மூன்று உருவங்களைத் தேடப் பழகுங்கள். இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய்: மலையைத் தாண்ட மானும் நம்மைப் போலவே சுலப வழியைத்தான் பிடிக்கும். சரிவின் நடுவில் படிக்கட்டு மாதிரி ஓடும் சமதரை: அப்பலாச்சிய மலைகளில் ஓக் கொட்டை உதிரும் வருஷங்களில் அங்கே தடம் பாத்தி கட்டினாற்போல் விழுந்திருக்கும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான் முதலில் அதைத் தேடும். சிவப்பு ஓக்கின் கொட்டை பிற்பாடு தீனி. மூன்றாவது, ஓடையின் செங்குத்துக் கரை சாய்ந்து இறங்கும் துறை.

பண்ணை நிலத்தில் மேடு பள்ளத்தைவிடப் பயிர் முக்கியம். அயோவா, இல்லினாய் பக்கம் மக்காச்சோளம் நிற்கும்வரை அதுவே காடு. ஆள் உயரம், தீனி, நிழல் எல்லாம் உள்ளேயே. அறுவடை இயந்திரம் ஓடிய மறுநாள் அந்த மறைவு மொத்தமும் இல்லாமல் போக, மான்கள் ஓடைக்கரை மரவரிசைக்கும் சிறு காட்டுத் துண்டுகளுக்கும் வந்துவிடும். விவசாயியிடம் நீங்கள் கேட்க வேண்டிய மிக நல்ல கேள்வி "மான் எங்கே?" அல்ல, "எப்போது அறுக்கப் போகிறீர்கள்?" என்பது.

இதைப் படித்துவிட்டுக் குடியிருப்பு வெறும் தடை என்று நினைத்துவிடாதீர்கள். வீடுகளும் நில உருவம்தான். இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே விடப்பட்ட மழைநீர் வாய்க்கால், அதன் இருகரை மரங்கள்: அதுவும் ஒரு கணவாய். மின்கம்பித் தொடருக்காக வெட்டிய பட்டை ஒரு விளிம்பு. வேலியில் மரம் விழுந்து உடைந்த இடம் ஒரு துறை. நெடுஞ்சாலையில் மான் படம் போட்ட மஞ்சள் பலகை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் காடு சாலையை நெருங்கியிருக்கும். மலையில் இயற்கை பத்தாயிரம் வருஷத்தில் வெட்டியதை மனை வியாபாரம் இரண்டு வருஷத்தில் வெட்டிவிடுகிறது. மான் அதற்குள் பாதையை மாற்றிக்கொள்கிறது. மூன்று வருஷப் பழைய செயற்கைக்கோள் படத்தை நம்பிப் போகாதீர்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு வேறு கதை. ஹில் கன்ட்ரி பகுதியில் மான் நெருக்கம் மிக அதிகம், ஆனால் மாநில நிலத்தில் 95 சதவீதம் அளவுக்குத் தனியார் கையில். அங்கே நிலத்தை வாசிப்பதற்கு முன் குத்தகைப் பத்திரத்தை வாசிக்க வேண்டும்.

4. கதவைத் தட்டுதல்

நம்மில் பலர் தயங்கி நிற்கும் இடம் இது. தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் போய், "உங்கள் நிலத்தில் வேட்டையாடலாமா?" என்று எப்படிக் கேட்பது? கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊரோர மான்களில் பெரும்பாலானவை இந்தக் கதவுகளுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

கோடையிலேயே போங்கள், சீசனுக்கு முந்தின வாரம் போகாதீர்கள். பகலில் போங்கள், காட்டு உடுப்பில் போகாதீர்கள். பெயர், எங்கே வசிக்கிறீர்கள், என்ன ஆயுதம், எந்தெந்த நாள், கூட யாராவது வருவார்களா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். தோட்டத்தை மான் மேய்ந்துவிடுகிறது என்று புலம்பும் வீடுகள் முதல் இலக்கு. பெண் மான் எடுத்தால் போதும், கொம்பு எனக்கு வேண்டாம் என்று சொன்னால் பல முகங்கள் மாறும். நான் பதினோரு கதவு தட்டியதில் ஒன்பது வேண்டாம் என்றார்கள். மீதி இரண்டு போதுமானதாக இருந்தது. அதில் ஒன்று நாலு ஏக்கர்தான்.

பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பேசுங்கள். அம்பு பட்ட மான் நின்ற இடத்தில் விழாது. நூறு கஜம் ஓடிவிட்டுத்தான் விழும். நாலு ஏக்கரில் நூறு கஜம் என்பது இன்னொருவர் கொல்லை. அங்கே போய் எடுக்க அவர் அனுமதி வேண்டும் என்ற நிலைமை பல மாநிலங்களில் உண்டு. அதை மான் விழுந்த பிறகு இருட்டில் ரத்தக் கையோடு கேட்பதைவிட ஆகஸ்டில் கேட்பது நல்லது.

'வேட்டை கூடாது' என்ற பலகை இல்லை என்பதால் நிலம் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. டெக்சாஸ், மிசூரி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் மரத்தில் ஊதா நிறக் கோடு இருந்தாலே உள்ளே வராதே என்று பொருள். ஊதாப் பூச்சைக் கண்டால் ஏதோ குறும்பு என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

வீட்டு வாசல்கள் ஒத்துவராவிட்டால் நகராட்சி, கவுன்டி நடத்தும் வில் வேட்டைத் திட்டங்கள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி தன் பூங்காக்களில் இப்படி ஒன்றை நடத்துகிறது. குறிபார்க்கும் சோதனை, பின்னணி விசாரணை என்று வடிகட்டுவார்கள். புதியவருக்கு அது கெடுதல் இல்லை, நல்லதுதான்.

5. நடந்து பார்ப்பது

வரைபடத்தில் குறித்த நாலைந்து புள்ளிகளை நேரில் போய்ப் பாருங்கள். சரியான காலம் சீசன் முடிந்த பிப்ரவரி, மார்ச். இலை இருக்காது, தடம் தெளிவாகத் தெரியும், நீங்கள் கலைத்துவிட்டாலும் நவம்பருக்குள் மான் மறந்துவிடும். தடம், புழுக்கை, புல்லில் அமுங்கிய படுக்கை, ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டை உரிந்த இளமரம், குளம்பால் தரையைப் பறித்துச் சிறுநீர் விட்ட இடம். இவற்றில் பட்டை உரிந்த மரத்தைக் கண்டு புதியவர்கள் ரொம்பப் பரவசமாகிவிடுகிறார்கள். அதில் பாதி இரவு வேலை. பகலில் மான் வருமா என்று சொல்வது படுக்கைதான். படுக்கைக்கும் தீனிக்கும் நடுவே, படுக்கைக்குச் சற்றுக் கிட்டவாக, உங்கள் இடம்.

ஊரோரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: மனிதர் கால அட்டவணை. பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு, நாயைக் கூட்டிக்கொண்டு யார் எந்தப் பாதையில் நடக்கிறார், எந்த நாள் புல் வெட்டுகிறார்கள். தினமும் கேட்கும் சத்தத்துக்கு மான் பழகிவிடுகிறது. புல்வெட்டும் இயந்திரம் உறுமும்போது தலைகூட நிமிர்த்தாத மான், புதருக்குள் ஒருவர் சத்தமில்லாமல் பதுங்கினால் வாலை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு பாயும். அது பயப்படுவது மனிதருக்கு அல்ல, வழக்கத்துக்கு மாறான மனிதருக்கு.

6. காற்றும் போகும் வழியும்

மானின் கண்ணை ஓரளவு ஏமாற்றலாம். ஆரஞ்சு நிறம் அதற்கு நமக்குத் தெரிவது போல் எடுப்பாகத் தெரியாது. ஆகவே சட்டம் கேட்கும் ஆரஞ்சு உடுப்பைக் குறைக்க நினைக்காதீர்கள். பென்சில்வேனியாவின் துப்பாக்கி சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் வேண்டும். மூக்கை ஏமாற்ற முடியாது. காற்று உங்களிடமிருந்து மானை நோக்கி அடித்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்.

மலைப் பகுதியில் வானிலைச் செயலி சொல்லும் காற்றோடு இன்னொரு காற்றும் உண்டு. வெயில் ஏற ஏறத் தரைச் சூட்டில் காற்று சரிவில் மேலே ஏறும். மாலையில் குளிர்ந்து கீழே வழியும். காலையில் மானுக்கு மேலேயும், மாலையில் கீழேயும் உட்கார்ந்தால் உங்கள் வாசனை மான் பக்கம் போகாது. பள்ளத்தின் அடியில் காற்று சுழலும். அங்கே எவ்வளவு தடம் இருந்தாலும் ஆசைப்படாதீர்கள்.

சின்ன நிலத்தில் இடத்தைவிட, இடத்துக்குப் போகும் வழிதான் வேட்டையைக் கெடுக்கும். தீனி இருக்கும் புல்வெளியைக் குறுக்கே கடந்து அதிகாலையில் மரத்தில் கட்டிய பரணுக்குப் போனால் எல்லா மானையும் எழுப்பிவிட்டுத்தான் ஏறுவீர்கள். ஓடைக்குள் நடந்து போகலாம், வீட்டுக்காரரின் வண்டிப்பாதையிலேயே சாதாரணமாக நடந்து போகலாம். அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் மானுக்குப் பழக்கம். ஒரே பரணில் தொடர்ந்து உட்காராதீர்கள். நாலு ஏக்கர் நிலம் வாரத்துக்கு ஒரு மாலையைத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

7. எந்த நாள், எந்த நேரம்

விடியலும் அந்தியும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுடும் நேரம் பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கும். மாலையில் எப்போது முடிகிறது என்பதை உங்கள் மாநில விதிப்புத்தகத்தில் பாருங்கள். வடக்கு மாநிலங்களில் இணை சேரும் காலம் நவம்பர் நடுவில் உச்சத்தில் இருக்கும். பகலின் நீளம் குறைவதை வைத்துத் தொடங்குவது என்பதால் வருஷா வருஷம் அதிகம் மாறாது. அந்த இரண்டு வாரம் ஆண் மான் பகலிலும் அலையும். கணவாயும் வாய்க்காலும் அப்போதுதான் சம்பளம் கொடுக்கும்.

பொது நிலத்தில் மற்ற வேட்டைக்காரர்களின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். விஸ்கான்சினின் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் நன்றி நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும். பென்சில்வேனியாவின் பெரிய சீசன் 2019 முதல் நன்றி நாளுக்கு அடுத்த சனிக்கிழமை. அன்றைக்குக் காடு முழுக்க ஆரஞ்சு. காலை பத்து மணிக்குக் குளிரும் பசியும் தாங்காமல் ஆட்கள் வண்டிக்குத் திரும்புவார்கள். அவர்கள் நடை மானை எழுப்பும். இட்லியோ ரொட்டியோ கட்டிக்கொண்டுபோய் மதியம் இரண்டு மணி வரை அசையாமல் இருப்பவருக்கு அந்த நடை லாபம்.

8. சுடும் முன்பு, சுட்ட பிறகு

மரப் பரணில் ஏறும் முன்பே உடல் முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையை மாட்டி, தரையிலிருந்தே கயிற்றோடு இணைத்துக்கொள்ளுங்கள். பலர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது தோட்டாவோ அம்போ மண்ணில் இறங்கும். குடியிருப்புப் பக்கம் பரணின் பெரிய நன்மை இதுதான். முகட்டின் மேல் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானைச் சுடவே கூடாது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வரைபடத்தில் போட்ட வட்டங்களை அன்றைக்கு மனதில் திசையாக வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் வீடு, சுடலாம் என்பது இந்த ஒரு துண்டு மட்டும்.

வில்லானால் 20 கஜத்துக்குள் வரட்டும். புறநகரில் காயத்தோடு ஓடும் மான் உங்களுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் அடுத்து அனுமதி கேட்க வரும் எல்லோருக்கும் கதவை மூடிவிடும். அம்பு பட்டதும் பின்னால் ஓடாதீர்கள். அரை மணி உட்காருங்கள், வயிற்றில் பட்டது என்று சந்தேகம் இருந்தால் பல மணி நேரம்.

விழுந்த மானைக் கண்டுபிடித்ததும் டேக் எனும் அடையாளச் சீட்டில் விவரம் எழுதிக் கட்டி, மாநிலம் சொல்லும் காலத்துக்குள் பதிவு செய்யுங்கள். குடலை அங்கேயே எடுத்து உடலைச் சீக்கிரம் குளிர வையுங்கள். ஆனால் நடைபாதைக்கோ வீட்டுக்கோ பக்கத்தில் குடலைப் போட்டுவிட்டு வராதீர்கள். நாய் இழுத்துக்கொண்டு வந்து யாரோ ஒருவர் வரவேற்பறையில் வைக்கும். வாளி ஒன்று கொண்டுபோங்கள். தெருவழியாக வண்டியில் எடுத்துவரும்போது தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வீடு வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி வரை பாருங்கள். லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி இதே ஊரோரக் காடுகளில்தான் அதிகம்.

நாள்பட்ட மெலிவு நோய் என்று ஒன்று 1967இல் கொலராடோவில் முதலில் தெரியவந்து இப்போது பல மாநிலங்களில் மான்களிடம் பரவியிருக்கிறது. அந்தப் பகுதிகளில் தலை, முதுகெலும்பு ஆகியவற்றை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, சோதனைக்கு மாதிரி கொடுக்கப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். நோய் இருப்பதாகத் தெரிந்த மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்பது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. நிலம் கொடுத்தவருக்கு ஒரு பங்கு இறைச்சி கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அவர் கேட்ட அளவில் வெட்டி, பொட்டலத்தின் மேல் தேதி எழுதி, சோதனை முடிவு வந்த பிறகு கொடுங்கள்.